வலப்பக்கத்துக் கட்டம்

அந்த இரண்டு புத்தகங்களையும் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே டீ கிளாஸையும் வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை சார். கிளாஸை மட்டும் கொஞ்சம் நகர்த்திவிட்டால் நல்லது. மேலே இருப்பதன் அட்டை ஈரம் தாங்காது. கீழே இருப்பது பழையது, அது எதையும் தாங்கும்.

காலையில் ஏட்டையா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். இடப்பக்கம் இருந்து ஆரம்பித்தார். நாலைந்து பக்கம் போனதும் "ஒண்ணும் வெளங்கல" என்று வைத்துவிட்டார். எப்படி விளங்கும்? அவர் கதையை முடிவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவை ஜப்பான் படக்கதைகள், மங்கா என்பார்கள். இது ஆங்கிலப் பதிப்புதான், ஆனால் ஜப்பானில் அச்சிட்டபடியே விட்டிருக்கிறார்கள். நம் புத்தகத்துக்குப் பின்னட்டை இருக்கும் இடத்தில் இதற்கு முன்னட்டை. ஒரே பக்கத்துக்குள் இருக்கும் கட்டங்களையும் வலமிருந்து இடமாகத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

நீங்கள் கேட்டது அஷ்ரப்பைப் பற்றி. போன வருஷம் மழைக்காலத்தில் மேகமலையில் பள்ளத்தில் விழுந்து இறந்துபோன என் கூட்டாளி அஷ்ரப். அவன் விழுந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். கால் வழுக்கியது, கையைப் பிடித்தேன், அவன் கை நழுவிவிட்டது, என் கை வெறுமையாக விரிந்துபோய் நின்றது என்று அப்போது எழுதிக் கொடுத்தேன். செல்வின் என்று கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்திருக்கிறேன். புத்தகங்களைப் பற்றிப் பேசாமல் திருத்த முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழனிசெட்டிபட்டியில் எங்களுக்கு ஒரு போன் கவர் கடை. பாதி அவனுடையது, பாதி என்னுடையது. கவரில் படம் அச்சடித்துக் கொடுப்பது அஷ்ரப்பின் வேலை. குழந்தையின் முகம், சாமி படம், கட்சிக்காரர் படம், எது கேட்டாலும் செய்வான். வாங்குகிறவர்களிடம் பேசுவது என் வேலை. கடைக்குப் பின்னால் ஒரு அலமாரியில் எங்கள் புத்தகங்கள் இருக்கும். அவற்றை விற்க மாட்டோம், இரவலும் தர மாட்டோம். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

முதல் புத்தகத்தை அவன்தான் கொண்டுவந்தான். கம்பத்தில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். அண்ணன் சேக் பரீத் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போனபோது இவனும் கூடப் போய் அங்கே ஒரு கடையில் வாங்கியிருக்கிறான். நான் ஏட்டையா மாதிரிதான் இடப்பக்கம் திறந்தேன். அவன் சிரித்தான்.

"ஏலே, அங்கனருந்து தொறந்தா எல்லாப் பயலும் செத்துப் போயித்தான் கதை ஆரம்பிக்கும். இங்கனருந்து வா."

"ஒனக்கு எப்படிடா தெரிஞ்சுச்சு?"

"சின்னப் பிள்ளையில அரபி ஓதப் போவோம்ல. கித்தாபு இந்தப் பக்கந்தான் தொறப்போம். கை தானா வந்துருச்சு."

இதை நான் ஞாபகத்தில் வைத்திருந்திருக்க வேண்டும். அவன் ஒருவனைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டேன், அந்த வீட்டைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. என் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த இரண்டையும் வரைந்தவர் ஒருவரே. ஒகிமுரா என்று பெயர். பழையது அவர் வாலிபத்தில் வரைந்தது, நாங்கள் அதைத் 'தொங்குபாலம்' என்று கூப்பிடுவோம். புதியது பல வருஷம் கழித்து வந்தது, அதற்குப் 'பனிக்கணவாய்' என்று பெயர் வைத்தோம். பெயர்களையும் ஊரையும் எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே கதை. மலைப்பாதையில் சுமை தூக்கும் இரண்டு சிநேகிதர்கள். வழியை மறித்துச் சுங்கம் பிடுங்கும் ஒரு கும்பல். கத்திச் சண்டை, துரத்தல், தீ. கடைசியில் ஒருவன் பாறை விளிம்பில் தொங்குவான், மற்றவன் குப்புறப் படுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்திருப்பான்.

ஆனால் பழையதில் கோடு முரடாக இருக்கும். சண்டை நாலு பக்கத்தில் முடிந்துவிடும். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். ஒருவன் வெட்டுப்பட்டால் வலி இரண்டு பக்கம் கழித்துத்தான் அவன் முகத்துக்கு வரும், அப்படி வரைய ஒரு தைரியம் வேண்டும். புதியதில் ஒவ்வொரு பனித்துளியும் வரைந்திருக்கிறது, உதவியாட்கள் வரைந்திருப்பார்கள். நாயகன் கத்தியை உருவுவதற்குள் மூன்று பக்கம் யோசிப்பான். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிற மனிதர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. எனக்குப் பழையது. அஷ்ரப்புக்குப் புதியது. இதை வைத்து நாங்கள் சண்டை போடாத வாரமே கிடையாது. கம்பத்துக்குப் போனால் அவன் அம்மா, மதீனா அம்மா, "மாங்காய அரிஞ்சு உப்பப் போட்டுத் திங்காம இப்படி மல்லுக்கட்டுறீகளே" என்று கேலி பண்ணுவார்.

சண்டை பெரும்பாலும் அந்தக் கடைசிக் காட்சியில்தான் வந்து நிற்கும். பழையதில் அது இரண்டு கட்டம். ஒன்றில் நாயகனின் கை விரிந்திருக்கிறது. மற்றதில் சிநேகிதன் விழுந்துகொண்டிருக்கிறான். இடமிருந்து பார்த்தால் சிநேகிதன் முதலில் விழுகிறான், பிறகு வெறுங்கை. பாவம், நழுவிவிட்டது என்று நினைப்போம். வலமிருந்து பார்த்தால் முதலில் கை விரிகிறது, அதற்குப் பிறகு அவன் விழுகிறான்.

"வலப்பக்கத்துக் கட்டத்துல என்ன இருக்கு? கைதான? அப்ப அவந்தான் விட்டான்" என்பான் அஷ்ரப். "ஒனக்கு மனசு ஒப்பலைங்கறதுக்காக இந்தப் பக்கமாத் திரும்பி உக்காராத மாப்ள."

எனக்கு ஒப்பத்தான் இல்லை. அத்தனை தூரம் கூடவே சுமை தூக்கி வந்தவன் விடுவானா? வாலிபத்தில் வரைந்தது, கட்டத்தை மாற்றிப் போட்டுவிட்டார் என்று வாதாடினேன். புதியதில் ஒகிமுரா வேறு மாதிரி செய்தார். அதில் தொங்குகிறவன் நண்பனையும் சேர்த்து இழுத்துவிடக் கூடாது என்று தன் கையைத் தானே விட்டுவிடுகிறான். அஷ்ரப் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் கண் கலங்குவான். நான் அவனுக்கு ஒரு பிழையைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். கீழே இருப்பவன் விட்டால் என்ன, மேலே இருப்பவன் பிடித்திருக்கிறானே? அந்தப் பிடி எங்கே போயிற்று? அதை வரைய மறந்துவிட்டு ஆளைக் கீழே போட்டுவிட்டார்.

"நீ நல்லா இருப்ப போ. அழுகவிடாம கெடுத்துட்ட" என்றான் அஷ்ரப்.

போன வருஷம் சித்திரையில் அவன் மாறினான். நான் சந்தேகப்பட்டேன் என்று எழுதாதீர்கள் சார். ஒப்பிட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான், அது என் பழக்கம். முன்பெல்லாம் கடைக்குள் இருந்தே போன் பேசுவான், இப்போது எதிரே பேக்கரி வாசலுக்குப் போனான். பேச்சில் மலையாளம் கலந்தது. தன் டிசைன்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்தான். பொட்டலத்தில் கடைசியாக இருக்கும் வடையைப் பிய்த்துப் பாதி கொடுக்கிறவன், "நீயே சாப்புடு மாப்ள" என்று தள்ளினான். நீங்கள் அதை அன்பு என்று நினைப்பீர்கள். உறவை முடித்துக்கொள்ளப் போகிறவன்தான் அப்படித் தாராளமாக நடந்துகொள்வான்.

அவன் தொழுகைக்குப் போன நேரத்தில் போனைத் திறந்து பார்த்தேன். குமுளியில் ஒரு கடையின் படம் இருந்தது. ஷட்டர் புதியது, பெயர்ப்பலகை இன்னும் எழுதவில்லை. பிறகு வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் அவன் வாயால் சொல்வான் என்று காத்திருந்தேன். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவன் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் பழைய சிரிப்போடு வைத்துப் பார்த்தேன். அந்த மாதம் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

மேகமலைக்குப் போகலாம் என்று சொன்னது நான். அவன் கூப்பிட்டதாக அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். சின்னப் பிழைதான், அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்கு வரவில்லை என்று வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். சின்னமனூர் தாண்டி மலை ஏறும்போது தூறல் பிடித்தது. தேயிலைக்கு நடுவே ஓரிடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, பள்ளத்துப் பக்கம் சரிவுக்கு நடந்தோம். மூடுபனி வருவதும் விலகுவதுமாக இருந்தது. அங்கே வைத்துத்தான் சொன்னான்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத. நசீமாவோட அத்தாவுக்குக் குமுளியில கடை. கல்யாணம் முடிஞ்சதும் என்னைய அங்கன வந்து பாத்துக்கச் சொல்றாக."

நசீமா உத்தமபாளையத்துப் பெண். அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவுக்குக் குமுளியில் வியாபாரம், நல்ல குடும்பம்தான்.

"சரி" என்றேன்.

"கடைய நீயே வச்சுக்க. புத்தகத்தப் பிரிச்சுக்குவம். ஒனக்குப் பழசுதான பிடிக்கும், அத நீ வச்சுக்க. புதுச நான் கொண்டுபோறேன்."

"சரி" என்றேன். எனக்குக் கோபம் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

அப்போது அவன் காலில் அட்டை ஏறியிருந்தது. அதைப் பிடுங்க இடது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றான். புல் ஈரம். வழுக்கிவிட்டான். அவனை நான் தள்ளவில்லை. இதில் மட்டும் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை. குப்புற விழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அவனும் என் மணிக்கட்டைப் பிடித்தான். யோசிக்காமல் செய்தது. அந்த நிமிஷத்தில் நான் நல்லவனாகத்தான் இருந்தேன். மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன்.

நழுவிவிட்டது என்று இங்கே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். மேகமலையில் மழைக்காலத்தில் வழுக்குவது புதிதில்லை. சேக் பரீத் அண்ணன் மட்டும் நம்பாமல் என் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசாத மனிதர். நாளெல்லாம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கி நின்று கொடி கட்டுகிறவர், அந்தக் கைகளைப் பார்த்தாலே பேச்சு தேவைப்படாது. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள் என்னைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார்.

"தம்பி, ஒத்தச் செருப்பு மேல கெடந்துச்சாம்ல. கழட்டி வச்ச மாதிரி இருந்துச்சுன்னு எஸ்டேட்டு ஆளு சொன்னாக. வழுக்குனவன் செருப்ப எதுக்குக் கழட்டுறான்?"

அட்டையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, விட்டுப்போயிருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைச் சொன்னால் அடுத்ததைக் கேட்பார், அதற்கடுத்ததைக் கேட்பார். கேள்வியே கேட்க முடியாத ஒரு பதில் எனக்கு வேண்டியிருந்தது. அது தயாராக வாயில் இருந்தது. பல வருஷம் பேசிப் பேசிப் பழகிய காட்சி.

"அண்ணே, ஒங்ககிட்ட மறைச்சுட்டேன். அவனுக்கு அந்தக் கல்யாணத்துல மனசில்ல. செருப்பக் கழட்டி வச்சுட்டு எறங்கிட்டான். நான் பாஞ்சு புடிச்சுட்டேன். 'விட்ரு மாப்ள'ன்னான். நான் விடல. அவனே கைய விட்டுட்டான்."

அண்ணன் கொடிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அம்மாட்டச் சொல்லிடாத. யார்ட்டயும் சொல்லிடாத" என்றார். அதற்குப் பிறகு அவர் இந்த ஸ்டேஷன் பக்கமே வரவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவர்கள் மார்க்கத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். எங்களுடையதிலும் அப்படித்தான். தெரிந்துதான் சொன்னேன். அதனால்தான் அந்தப் பதில் வேலை செய்தது.

பெற்றவளிடம் எதையும் ஒளிக்கத் தெரியாத மனிதர் அவர். ஒரு வாரத்தில் மதீனா அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சொந்தத்துக்குள் கசிந்தது. உத்தமபாளையம் வரை போயிற்று. இவளைக் கட்டப் பிடிக்காமல்தான் அந்தப் பையன் செத்தான் என்று நசீமாவுக்கு வந்த வேறு இரண்டு சம்பந்தங்கள் நின்றுபோயின. அதற்கு நான் பொறுப்பில்லை. பேசியது ஊர்.

நான் வெள்ளிக்கிழமை தோறும் கம்பத்துக்குப் போய்வந்தேன். அஷ்ரப் இருந்தபோது போனதைவிட அதிகமாகப் போனேன். அம்மா வாசலிலேயே என் வலது கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொள்வார்.

"எம்புள்ள கடைசியாப் புடிச்ச கை" என்பார். சாப்பாடு ஆறும்வரை விட மாட்டார்.

ஒருநாள் கேட்டார். "தம்பி, நீ வேதமெல்லாம் படிக்கிற பிள்ள. தானா உசுர விட்டவனுக்கு நான் கேக்குற துவா போய்ச் சேருமா?"

"சேரும்மா" என்றேன்.

"அவன் என்னைய நெனைக்கலையே தம்பி. நெனச்சிருந்தா விட்டிருப்பானா? நான் என்ன கொற வச்சேன்?"

"உங்களத்தான்மா கடைசியாச் சொன்னான்" என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அவர் இன்னும் அதிகமாக அழுதார். பிறகு சாப்பிடுவதைக் குறைத்தார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். நான் போனால் மட்டும் கொஞ்சம் சாப்பிடுவார் என்று அண்ணனே என்னைக் கூப்பிடுவார். ஒரு குடும்பத்துக்கு நான் அவ்வளவு தேவைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கென்ன.

வருஷம் திரும்பும் நேரத்தில் அண்ணன் கடைக்கு வந்தார்.

"அவன் பங்குக்கு ஒரு புத்தகம் இருக்குன்னியே, அதக் குடு. அப்படி என்னத்தத்தான் படிச்சான்னு பாக்குறேன். எனக்கு இங்கிலீசு வராது, படத்தப் பாக்குறேன்."

நான் இரண்டையும் கொடுத்தேன். புதியதை மட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் பழையதைப் பார்க்காமல் புதியதைப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குணக்கேடு, வேறென்ன சொல்வது. ஏட்டையா மாதிரி நாலு பக்கம் தள்ளிவிட்டு வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரும் அதே வீட்டுப் பிள்ளை, தம்பிக்கு முன்னால் அதே இடத்துக்கு ஓதப் போனவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் சொல்லித் தராமல் அவர் கை வலப்பக்கம் போயிருக்கிறது. எழுத்து தெரியாததால் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். எழுத்து தெரிந்த நாங்கள் படத்தை அவ்வளவு பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன். அம்மா வழக்கம்போல என் கையைப் பிடித்திருந்தார். அண்ணன் இரண்டு புத்தகங்களையும் கொண்டுவந்து பாயில் வைத்தார்.

"செல்வினு, பழசுல மொதக் கட்டத்துல கை தொறக்குது. அதுக்கப்புறந்தான் அவன் விழுகிறான். நீ போலீசுல சொன்னது இதுதான். ஆனா முன்னப்பின்ன மாத்திச் சொல்லியிருக்க."

அண்ணன் புதியதைத் திறந்தார்.

"புதுசுல அவனே விடுறான். நீ எங்கிட்டத் தோட்டத்துல சொன்னது அது. 'விட்ரு'ன்னு வாயத் தொறந்திருக்கான் பாரு, அது மொதக்கொண்டு இருக்கு. ஒருத்தன் சாவ ரெண்டு விதமாச் சொல்லியிருக்க. ரெண்டும் இங்கன இருக்கு."

"அண்ணே..."

"கையக் குடு. அவன எப்படிப் புடிச்ச? அதே மாதிரி புடி."

அம்மா என் கையை அவரிடம் விட்டார். நான் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பாயில் உட்கார்ந்தபடி அப்படியே இருந்தோம். அவருடைய விரல்கள் அஷ்ரப்பின் விரல்கள் மாதிரியே நீளம்.

"இப்ப நாந்தான் அஷ்ரப். நான் விடுறேன்" என்று சொல்லி விரல்களை விரித்தார்.

அவர் கை கீழே போகவில்லை. என் கைக்குள் அப்படியே நின்றது.

"நான் விட்டுட்டேன் தம்பி. நீ இன்னும் புடிச்சிருக்க. நான் எப்படி விழுவேன்?"

நான் அஷ்ரப்புக்குக் காட்டிய அதே பிழை. புதிய புத்தகம் மட்டம் என்று இத்தனை வருஷம் வாதாடிவிட்டு, அவசரத்துக்கு அதையே எடுத்துக் கதை சொன்னேன். நேற்று எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் அவமானமாக இருந்தது.

அம்மா அழவில்லை. முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எம்புள்ள தானா விட்டானா, விடலையா? அத மட்டும் சொல்லிரு. வேற ஒண்ணும் ஒங்கிட்டக் கேக்க மாட்டேன்."

பதிலுக்கு என் கையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது சார். அண்ணன் அடிப்பார் என்று நினைத்தேன், அவர் அடிக்கவும் இல்லை. புத்தகங்களை எடுத்து என் மடியில் வைத்து, "ஸ்டேசன் எங்கன இருக்குன்னு ஒனக்குத் தெரியும்" என்றார்.

இனி நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அண்ணன் கண்டுபிடித்தது பாதிதான்.

அஷ்ரப் கீழே தொங்கிக்கொண்டிருந்தான். கனமாகத்தான் இருந்தான், ஆனால் இழுத்திருக்க முடியும், என் கால் ஒரு தேயிலைத் தூரில் நன்றாக மாட்டியிருந்தது. "மாப்ள, விட்றாத" என்றான். நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"குமுளிக்குப் போகலைன்னு சொல்லு."

"என்னடா பேசுற, இழுடா."

"சொல்லு."

"போகலடா. சத்தியமாப் போகல. அம்மா மேல ஆணையாப் போகல. இழு மாப்ள."

அம்மாவைக் கடைசியாகச் சொன்னான் என்று நான் சொன்னது பொய்யில்லை. அந்தக் குரலை நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். டூப்ளிகேட் கவரை ஒரிஜினல் என்று யாராவது நம்பி அவனிடமும் கேட்கும்போது, ஆமாம் என்று சொல்வதற்கு ஒரு குரல் வைத்திருப்பான். அதே குரல். மேலே வந்ததும் போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் என் விரல்களைத் திறந்தேன். வலப்பக்கத்துக் கட்டம் அதுதான். அஷ்ரப் படித்ததுதான் சரி, அந்தப் பக்கத்தில் ஒகிமுரா எதையும் மாற்றிப் போடவில்லை.

ஆனால் நான் திறந்த பிறகும் அவன் விழவில்லை. ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்தால் ஒருவர் விட்டது போதாது. பழைய புத்தகத்திலும் அதே பிழை இருந்திருக்கிறது, எனக்கு அது வரை தெரியாது. அவன் என்னைப் பிடித்திருந்தான். நான் இடது கையைக் கொண்டுபோய் அவன் விரல்களைப் பிரித்தேன். முதலில் சுண்டுவிரல். அதை எடுத்து அடுத்ததற்குப் போவதற்குள் அது திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலைக் கடைசியாக எடுத்தேன். அவன் கத்தவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

மதீனா அம்மாவிடம் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளை தானாக விடவில்லை, கடைசி வரை பிடித்திருந்தான், அவருக்கு வேண்டிய பதில் அதுதான். நசீமா வீட்டுக்கும் சொல்ல வேண்டும். அட்டை ஏறியதால்தான் செருப்பைக் கழற்றினான் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியாயிற்றா சார்? கையெழுத்துப் போடுகிறேன். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் விளங்காதது இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. அவ்வளவு இறுக்கமாக என்னைப் பிடித்திருந்தவனுக்கு, என்னை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது?